ஆறாம் கூண்டு

தரமணியில் எலிகளுக்கு நான்தான் பொறுப்பு.
காலை ஒன்பதரைக்குக் கையுறை மாட்டிக்கொண்டு
ஆறாம் கூண்டைத் திறப்பேன்.
பிறந்து நான்கு நாள். கண் திறக்கவில்லை.
உரித்த இறால் நிறத்தில் எட்டுக் குட்டிகள்.
சூடேற்றிய தட்டில் வைத்து
அடுத்த அறைக்குக் கொண்டுபோவேன்.
மூன்று மணி நேரம்.
ஏழாம் கூண்டுக்குப் பதினைந்தே நிமிடம்.

பதினைந்து நிமிடத்தில் திரும்பி வந்தால்
தாய் நக்கோ நக்கென்று நக்கித் தீர்க்கிறது.
மூன்று மணி நேரம் போய் வந்தவற்றைச்
சில நாள் மிதித்துக்கொண்டு நடக்கிறது,
யார் வீட்டுப் பிள்ளைகளோ என்று.

குட்டிகள் கத்துவது நம் காதில் விழாது.
அதற்கொரு கருவி உண்டு.
திரையில் பார்த்தேன்:
சாய்ந்து பெய்யும் மழை மாதிரி கோடுகள்.

இரண்டு மாதத்தில் வளர்ந்துவிடும்.
வயிறு நிறையத் தீனி போட்ட பிறகுதான் சோதனை.
முதலில் ஒரு சிறு விளக்கு எரியும்.
நெம்புகோலை அழுத்தினால் சர்க்கரை வில்லை.
மற்றவை ஏழெட்டு முறை அழுத்திவிட்டு
மீசை துடைத்துப் படுத்துக்கொள்ளும்.
போன தொகுதியில் பதினாலாம் நம்பர்
நூற்றுப்பத்து முறை அழுத்தியது.
'பசி இல்லை' என்று நோட்டில் எழுதினாள் ஜெசிந்தா.

டாக்டர் மெஹருன்னிசா எனக்குப் புரியும்படி சொன்னார்:
உள்ளே டோபமைன் இருக்கிறது, ஆனால்
கதவைத் திறந்து வாங்க ஆள் குறைவு.
அதனால் திரும்பத் திரும்பத் தட்டுகிறது.

எண்பத்தொன்பதில்
அம்மாவை ஓட்டேரி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது
எனக்கு ஒன்றேகால் வயது.
ஏழு மாதம்.
காசிமேட்டில் பக்கத்து வீட்டு ரோசம்மா வைத்துக்கொண்டாள்.
அவளுக்கே ஐந்து.
அழுதால் டீயில் நனைத்த பொறை.
அழாவிட்டால்
ஒன்றும் இல்லை, பாவம், அவளுக்கு ஏது நேரம்.

அம்மா வந்து கை நீட்டினபோது
ரோசம்மா புடவைக்குப் பின்னால் போய் நின்றேனாம்.
எனக்கு ஞாபகமில்லை.
எனக்குத்தான் ஞாபகமில்லை.

கல்யாணத்தில் இரண்டு தட்டு பிரியாணி தின்றுவிட்டும்
வழியில் வண்டியை நிறுத்துகிறேன்.
பெட்ரோல் டேங்க் உறையில்,
ஹெல்மெட்டுக்குள், சட்டைப் பையில் பொறைத் தூள்.
"துன்னுட்டுதானே வந்தே?" என்கிறாள் அஞ்சுகம்.
துன்னுட்டுத்தான் வந்தேன்.

அதற்கென்ன பெரிய ருசி, சுட்ட மரத்தூள்.
ஆனால் கடைக்காரர்
கண்ணாடிக் குடுவையின் மூடியைத் திருகும்போது
தகரம் கிறீச்சிடுமே,
அந்தச் சத்தம்.
அதோடு முடிந்துவிடுகிறது எல்லாம்.
பிறகு மெல்லுவது வெறும் வேலை.

அம்மா ஒரே ஒருமுறை சொன்னாள்,
மீன் ஆய்ந்துகொண்டே, என் முகம் பார்க்காமல்:
வார்டில் தந்த ரொட்டியில் தினம் பாதி
எனக்கென்று தலையணைக்கு அடியில் வைப்பாளாம்.
வெள்ளிக்கிழமை பெருக்க வருகிறவர்
வாரிக்கொண்டு போய்விடுவாராம்.

பதினோராம் நாள்.
தட்டில் எட்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.
கடிகாரத்தில் இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம்.
தராசு துடைக்கும் பிரஷ் மேசையில் இருந்தது.
வெந்நீரில் நனைத்து
ஒன்றின் முதுகில் மெல்ல இழுத்தேன்.
பிறகு அடுத்தது.
ஒன்றுக்குச் செய்துவிட்டு மற்றதை விட முடியவில்லை.
திரையில் மழை விட்டது.

நானே போய்ச் சொன்னேன்.
"ஏன் தேவசகாயம்?"
"கை சும்மா இருக்கல, மேடம்."
அவர் திட்டவில்லை.
சிவப்புப் பேனாவை எடுத்து
ஆறாம் கூண்டின் வரிசை முழுவதையும் அடித்தார்.
இந்த எட்டும் இனிக் கணக்கில் வராது.
நெம்புகோல் முன்னால் இவை என்ன செய்யும் என்று
யாரும் பார்க்கப்போவதில்லை.

சாயங்காலம் மத்திய கைலாஷ் சிக்னலில் நல்ல மழை.
கடையோரம் ஒதுங்கினேன்.
மூடி கிறீச்சிட்டது.
"இன்னிக்கு ஒண்ணு போதும்ணே" என்றேன்.
அவர் பழக்கத்தில்
இரண்டு வைத்தார்.